டிரையர் வைத்த அறையில் சுவர் வேர்க்கிறதா? பூஞ்சை பிடிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பழைய வீட்டில் சில அறைகளைத் தங்க வருபவர்களுக்கு விடுகிறோம். விரிப்பு, போர்வை, துண்டு என்று தினமும் துணி விழும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொடியில் போட்டது மூன்று நாளானாலும் காயாது. அதனால் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சாமான் அறையாக இருந்ததைக் காலி செய்து, துணி காய வைக்கும் மெஷினான டிரையரை வைத்தோம். அந்த வருட மழைக்காலம் முடிவதற்குள் சுவரில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. அதைச் சரிசெய்ய இரண்டு வருடம் பிடித்தது. அந்தக் கதையைக் கேள்விப்பட்டு பள்ளத்தூர், காரைக்குடி, தேவகோட்டை என்று சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"டிரையர் துணியைக் காய வைக்கத்தானே இருக்கு? அது இருக்கிற ரூம்ல எப்படி ஆச்சி ஈரம் வரும்?"

துணியில் இருந்த தண்ணீர் ஆவியாகிறது. அந்த ஆவி எங்கேயாவது போயாக வேண்டும். ஏழு கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 1000 சுற்றில் பிழிந்து எடுத்தாலும், துணியின் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர் அதிலேயே நிற்கும். அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது அறையைப் பாருங்கள். பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரம் என்றால் 23 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் ஆவியைத்தான் தாங்கும். அறை முழுவதுக்கும் கணக்குப் போட்டால் முக்கால் லிட்டர் கூட வராது. மழைக்காலத்தில் அதிலும் 80 சதவீதம் ஏற்கெனவே நிறைந்திருக்கும். மிச்சம் இடம் ஒரு சின்ன டம்ளர் தண்ணீருக்குத்தான். அந்த இடத்தில் நாலு லிட்டரைக் கொண்டுபோய் விட்டால், தாங்காததெல்லாம் சுவரிலும், மேல்தளமான மச்சிலும், சன்னல் கம்பியிலும்தான் உட்காரும்.

"கூரை ஒழுகவே இல்லை. ஆனா காலையில சுவத்துல முத்து முத்தா தண்ணி நிக்குதே?"

ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வேர்க்கிறதே, அதேதான். 30 டிகிரி சூட்டில் 80 சதவீதம் ஈரம் இருக்கும் காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேல் பட்டாலும் தண்ணீராக மாறிவிடும். நம் வீட்டுச் சுவர்கள் கனமானவை. இரவு மழையில் குளிர்ந்த சுவர் காலை பத்து மணி வரை குளிர்ந்தே இருக்கும். அந்த நேரம் பார்த்து டிரையரைப் போட்டால் சுவர் வேர்க்கத்தான் செய்யும்.

நேராகப் பார்த்தால் கண்ணுக்குப் படாது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக வெளிச்சம் அடியுங்கள். எங்கள் அறையில் முதலில் அப்படிப் பார்த்தபோது, இடுப்புயரத்துக்கு மேலே சுவர் முழுக்க ஊசித்தலை அளவில் துளிகள் மினுங்கின. அலமாரிக்குப் பின்னால் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக வடிந்திருந்தன. பூஞ்சை முதலில் முளைத்ததும் சரியாக அந்தக் கோட்டில்தான்.

"இது டிரையரால வந்ததா, கூரை ஒழுகலா, இல்ல கீழேருந்து ஏறுற ஓதமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இடத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை பட்டையாக இருந்தால் ஓதம். மழை பெய்த மறுநாள் ஒரே இடத்தில் பழுப்பு வட்டம் பெரிதானால் ஒழுகல். மூலைகளிலும், மச்சும் சுவரும் சேரும் இடத்திலும், பீரோவின் முதுகிலும், மெஷினுக்குப் பின்னாலும் பொட்டுப் பொட்டாக வந்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம்.

வெள்ளையாகப் பூத்திருப்பதை எல்லோரும் பூஞ்சை என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் மேல் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். கரைந்து காணாமல் போனால் உப்பு. கரையாமல் கொழகொழவென்று இழுபட்டால் பூஞ்சை. உப்புப் பூத்தால் அது ஓதத்தின் வேலை. டிரையரை விற்றாலும் அது நிற்காது.

"எங்க வீட்டு டிரையர் எந்த வகைன்னே தெரியலை. எப்படிப் பார்க்கிறது?"

பின்னால் நாலு அங்குல வட்ட ஓட்டை இருந்தால், ஈரக் காற்றை அப்படியே வெளியே தள்ளும் வகை. இதற்குக் குழாய் போடாவிட்டால் முதல் பதிலில் சொன்ன நாலு லிட்டரும் அறைக்குள்தான். ஓட்டை இல்லாமல், இழுத்து எடுக்கிற தண்ணீர்த் தொட்டியோ வடிகால் குழாயோ இருந்தால், ஆவியைக் குளிர வைத்துத் தண்ணீராகப் பிடிக்கும் வகை. அதில் இரண்டு உண்டு: அறைக் காற்றை இழுத்துக் குளிர வைக்கும் கன்டென்சர், ஏசி போல வாயுவை வைத்துக் குளிர வைக்கும் ஹீட் பம்ப். துவைத்து அதிலேயே காய வைக்கும் மெஷின்களும் பெரும்பாலும் ஆவியைத் தண்ணீராக்கி வடிகாலில் விடுபவைதான்.

"குழாய் போட்டுத்தான் இருக்கோம். அப்புறமும் ஏன் புழுங்குது?"

போட்ட விதத்தைப் பாருங்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் குழாயில்தான் கோளாறு. வளைந்து நெளிந்து போகும் பிளாஸ்டிக் குழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் துணிப்பஞ்சு தங்கும். ஈரமும் சேர்ந்தால் அது சகதியாகிவிடும். எங்கள் வீட்டிலும் முதலில் அதுதான் போட்டிருந்தது. ஒரு நாள் துணி இரண்டு மணி நேரம் ஓடியும் காயவில்லை. மெஷினை முன்னால் இழுத்துக் குழாயைக் கழற்றினால் ஊறின இலவம்பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, அதற்குள் செத்துக் காய்ந்த ஒரு பல்லி. மெஷினோடு சேரும் இடத்தில் குழாய் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது. ஈரக் காற்று மொத்தமும் அந்தக் கிழிசல் வழியாக அறைக்குள் வந்திருக்கிறது.

உள்பக்கம் வழவழப்பான தகரக் குழாயோ, கெட்டியான அலுமினியக் குழாயோதான் சரி. நாலு அங்குல விட்டம், முடிந்தவரை குட்டையாகவும் நேராகவும் இருக்கட்டும். எத்தனை அடி வரை போகலாம், ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது மெஷினோடு வந்த கையேட்டில் இருக்கும். இணைப்புகளை உலோகப் பட்டியால் இறுக்கி, அலுமினிய டேப் ஒட்டுங்கள். திருகு போடாதீர்கள், உள்ளே நீட்டும் நுனியில் பஞ்சு மாட்டும். வெளிமுனை கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் குழாய்க்குள் சேரும் தண்ணீர் மெஷினுக்குத் திரும்பாமல் வெளியே போகும்.

வெளிமுனையில் அணில், குருவி, பல்லி நுழையாமல் இருக்க வலை கட்டுவார்கள். வலையைப் பஞ்சு ஒரே வாரத்தில் அடைத்துவிடும். காற்று வந்தால் திறந்து, காற்று நின்றால் மூடிக்கொள்ளும் மடல் மூடிதான் போட வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பூஞ்சைக்காக மட்டும் சொல்லவில்லை. காய்ந்த துணிப்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும்.

"எங்க சுவர் ரெண்டடி கனம். ஐயா கட்டின வீடு. அதை உடைச்சா குழாய் போடணும்?"

உடைக்கவே வேண்டாம். சன்னலின் மேல்பகுதியில் ஒரு கண்ணாடியையோ பலகையையோ மட்டும் கழற்றிவிட்டு, அதே அளவில் தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டோ அலுமினியத் தகடோ வெட்டி, அதில் நாலு அங்குல ஓட்டை போட்டுக் குழாயை விடலாம். பின்னாளில் டிரையர் வேண்டாம் என்றால் பழைய கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிடலாம். கழற்றிய கண்ணாடியைத் துணி சுற்றிப் பத்திரமாக வையுங்கள், பழைய வீட்டு நிறக் கண்ணாடி இன்று எளிதில் கிடைக்காது. உயரத்தில் காற்றுப்போக்கி இருந்தால் அதுவும் நல்ல வழி. மெஷினிலிருந்து அதுவரைக்கும் உள்ள நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வளவுப் பக்கம் விட்டா என்ன? அது வானம் பார்த்த இடம்தானே?"

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. வளவு வாசல், அதாவது வீட்டின் உள் முற்றம், நடுவில் திறந்திருக்கிறது, வாஸ்தவம். ஆனால் குழாய் முடிவது சுற்றுத் தாழ்வாரத்துக்குக் கீழேதான். சூடான ஈரக் காற்று மேலே எழும்பி முதலில் தட்டுவது மச்சுப் பலகையையும் தேக்குத் தூணின் தலையையும். தினமும் ஒரு மணி நேரம் இப்படிப் பட்டால் பர்மாத் தேக்கானாலும் நிறம் மாறி, பாலிஷ் வெளுத்துப் போகும். அது நூறு வருடம் நின்ற மரம். அதற்கு நாம் இதைச் செய்யக்கூடாது.

இன்னொன்று. குரங்குக்கும் மழைக்கும் பயந்து பல வீடுகளில் வளவு வாசலுக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அது வானம் பார்த்த இடமே அல்ல, பெரிய மூடின அறை. வீடு முழுக்கச் சூடும் ஈரமும் மேலே ஏறி வெளியே போக முன்னோர் வைத்த வழி அது. ஷீட் இருந்தே ஆக வேண்டும் என்றால், சுற்றிலும் ஒரு அடியாவது இடைவெளி விட்டு உயர்த்திப் போடச் சொல்லுங்கள். டிரையர் குழாய் பின்கட்டுப் பக்கம் கொல்லைக்கோ, சந்துக்கோ போகட்டும். பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு நேராக மட்டும் வேண்டாம்.

"குழாய் முனையை ஒரு டப்பா தண்ணிக்குள்ள விட்டா போதும்னு கடையில சொன்னாங்களே?"

அந்த டப்பா பஞ்சை மட்டும்தான் பிடிக்கும். ஆவி அப்படியே அறைக்குள் வந்துவிடும். குழாய் வாயில் பழைய காலுறையைக் கட்டுவதும் அதே கதைதான்.

"நான் கன்டென்சர் டிரையர்தான் வாங்கியிருக்கேன். எனக்கு இந்தத் தொல்லையே வராதுல்ல?"

குறையும். இல்லாமல் போகாது. நல்ல நிலையில் இருக்கும் மெஷின் கூட ஆவியில் 80 முதல் 90 சதவீதம் வரைதான் பிடிக்கும். நாலு லிட்டரில் மிச்சம் 400 முதல் 800 மில்லி அறைக்குள் வரும். முதல் பதிலில் சொன்ன சின்ன டம்ளர் கணக்கை நினைத்துப் பாருங்கள், அதுவே அதிகம்.

பராமரிப்பு இல்லாவிட்டால் கசிவு இன்னும் கூடும். கதவு ஃபில்டரை ஒவ்வொரு முறையும் வழித்தெடுங்கள். கீழே இருக்கும் கன்டென்சர் பெட்டியை மாதம் ஒரு முறை இழுத்து, குழாயடியில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, வடியவிட்டு மாட்டுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பரைத் துடையுங்கள், அதில் மணல் இருந்தால் சரியாக ஒட்டாது. நம்மூர் செம்மண் தூசிக்கு இது முக்கியம். தண்ணீர்த் தொட்டியை உடனுக்குடன் கொட்டுங்கள், அல்லது வடிகாலுக்கே குழாய் போட்டுவிடுங்கள். இந்த வகை மெஷின் அறையைச் சூடாக்கவும் செய்யும். மூடின அறைக்குள் வைத்தால் அது குளிர வைக்க இழுக்கும் காற்றே சூடாகி, ஆவியைப் பிடிக்கும் திறனும் குறையும். ஆகவே காற்று வந்து போக வழி இதற்கும் வேண்டும்.

"ஹீட் பம்ப் வகைக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா?"

தினமும் ஓடும் வீடு என்றால் கொடுக்கலாம். மின்சாரம் கிட்டத்தட்டப் பாதிதான் ஆகும், சூடும் ஈரமும் அறைக்குள் குறைவாகத்தான் வரும். காய நேரம் அதிகம் எடுக்கும். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கும் வீட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். சாதாரண டிரையர் என்றால் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும். பழைய வயரிங்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டாதீர்கள். தனி லைன், 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த் மூன்றும் இருக்க வேண்டும்.

"எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா தீர்ந்துடுமா? எந்த அளவு வாங்கறது?"

மேலே சொன்ன அறையின் கொள்ளளவு 800 கன அடி. மணிக்குப் பன்னிரண்டு தடவையாவது காற்று மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 160 கன அடி இழுக்கும் ஃபேன் வேண்டும். அந்த எண் ஃபேன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், இறக்கை அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மச்சுக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில் மாட்டுங்கள். டிரையர் நின்ற பிறகும் அரை மணி ஓடட்டும். சுவர் குடித்த ஈரம் அப்போதுதான் வெளியே வரும்.

எல்லோரும் மறந்துவிடுவது, உள்ளே வரும் காற்றுக்கு வழி. வெளியே தள்ளும் வகை டிரையரே நிமிடத்துக்கு 100 கன அடி அளவில் காற்றைத் தள்ளுகிறது. கதவை இறுக மூடிவிட்டால் அவ்வளவு காற்று எங்கிருந்து வரும்? ஃபேன் வெறுமனே சுற்றும், துணியும் காயாது. ஃபேனுக்கு எதிர்ப்பக்கம், கதவின் அடியில் ஒரு அங்குல இடைவெளி விடுங்கள். பழைய கதவை அறுக்க மனம் வராவிட்டால் டிரையர் ஓடும்போது கதவை ஒருக்களித்து வைத்தால் போதும்.

"மழை கொட்டும்போது சன்னலைத் திறந்தா வெளி ஈரம் உள்ள வந்துடாதா?"

இது நியாயமான சந்தேகம். வெளியே 24 டிகிரி, 95 சதவீதம் ஈரம் என்றால் அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 21 கிராம் ஆவி இருக்கும். உள்ளே டிரையர் ஓடி 34 டிகிரியும் 85 சதவீதமும் ஆகிவிட்டால், அதில் சுமார் 32 கிராம். சதவீதம் வெளியேதான் அதிகம், ஆனால் தண்ணீர் உள்ளேதான் அதிகம். ஆகவே டிரையர் ஓடும்போதும் அதற்கப்புறம் அரை மணியும் திறந்து வைத்தால் லாபம்தான், சாரல் அடிக்காத பக்கமாக.

அறை குளிர்ந்து வெளி அளவுக்கே வந்துவிட்ட பிறகு இரவு முழுக்கத் திறந்து வைப்பதில் பயனில்லை. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. அதை மெஷினுக்குத் தள்ளி, கண் உயரத்தில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் 60 சதவீதம் வரை இறக்குவது கடினம். ஆனால் டிரையர் நின்று இரண்டு மணி நேரம் கழித்தும் 80க்கு மேலேயே நின்றால், அந்த அறையில் ஏதோ வழி அடைத்திருக்கிறது என்று பொருள்.

"டிரையரே வேண்டாம்னு ரூம்லயே கொடி கட்டி ஃபேனைப் போட்டுட்டா?"

அதே நாலு லிட்டர், மெதுவாக வரும். குழாய் வழி கூட இல்லாமல் முழுவதும் அறைக்குள். அதைவிட, மெஷினில் இன்னொரு முறை பிழியவிடுங்கள். 1000 சுற்றில் 60 சதவீதம் நிற்கும் தண்ணீர் 1400 சுற்றில் 50 சதவீதம் அளவுக்கு இறங்கும். ஏழு கிலோவுக்குச் சுமார் 700 மில்லி தண்ணீர் குறையும். செலவில்லாத வழிகளில் இதுதான் பெரியது. கண்டாங்கிச் சேலையை மட்டும் இரண்டுக்கும் கொடுக்காதீர்கள், நிழலில் உலர்த்துங்கள்.

"எங்க சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு. பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சுட்டா பூஞ்சை வந்தாலும் துடைச்சுக்கலாமே?"

தயவுசெய்து அடிக்காதீர்கள். நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான். முதல் வருடம் பூஞ்சை வந்ததும், பூஞ்சை எதிர்க்கும் பெயின்ட் என்று சொல்லி ஒருவர் அடித்துக் கொடுத்தார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அடுத்த கார்த்திகையில் சுவர் அப்பளம் மாதிரி கொப்பளித்தது. ஒரு கொப்பளத்தை விரலால் அழுத்தினேன், உடைந்து தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. உரித்துப் பார்த்தால் பெயின்ட்டின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். பெயின்ட் அந்த வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் பூச்சையே பெயர்க்கிறது. பச்சைச் சுண்ணாம்பு காரம் அதிகம், அதில் பூஞ்சை எளிதில் முளைக்காது. மழைக்காலம் முடிந்து மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்களே, அது அழகுக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். ஈரத்தில் முளைத்ததை வழித்துவிட்டு, அடுத்த மழைக்குள் சுவருக்குக் காரத்தைத் திரும்ப ஏற்றும் வேலையும் அது என்று இந்த அறைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

நாங்கள் பெயின்ட்டைக் கையாலேயே சுரண்டி எடுத்தோம். ஒரு கோடை முழுக்கக் கதவைத் திறந்து போட்டுச் சுவரைக் காயவிட்டு, நீற்றின சுண்ணாம்பை வடிகட்டி மூன்று கை மெல்லிசாக அடித்தோம். சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போல் இழைத்த பூச்சு மேல் வெள்ளையடிக்க வேண்டாம். ஒட்டவும் ஒட்டாது, பூச்சும் கெடும். அதை ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

"பிடிச்ச பூஞ்சையை எதைப் போட்டு எடுக்கிறது? பிளீச்சிங் பவுடரா, வினிகரா, ஆசிட்டா?"

ஆசிட்டும் வினிகரும் சுண்ணாம்பை அரிக்கும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் சிமென்ட்டில் செய்ததுதான், பூ நிறம் போய்த் திட்டு விழும். பிளீச்சிங் சுவரின் மேல்பக்கத்தை வெளுக்க வைக்கும், உள்ளே இருப்பது மறுபடி வரும். சுவரில் உப்பும் தங்கும், அது இன்னும் ஈரத்தை இழுக்கும். பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள், கிளம்புவது விஷவாயு. அமோனியா சேர்ந்த கிளீனரோடும் கூடாது.

முதலில் அறையில் இருக்கும் துணியை வெளியேற்றுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், என்95 முகக்கவசம், கையுறை போடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் அடிக்காதீர்கள், பூஞ்சையின் விதைத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு பக்கமாக வழித்து, துணியை மடித்து மடித்துத் துடையுங்கள். காய்ந்த பிறகு கறை இருந்தால் சர்ஜிகல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு ஒற்றுங்கள். அப்போது பக்கத்தில் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது, டிரையரும் ஓடக் கூடாது. மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் படர்ந்திருந்தாலோ, வீட்டில் வீசிங் உள்ளவர்கள், கைக்குழந்தை, வயதானவர்கள் இருந்தாலோ, ஆள் வைத்துச் செய்யுங்கள். ஈரம் வரும் வழியை அடைக்காமல் எத்தனை முறை துடைத்தாலும் திரும்ப வரும்.

"துணி நல்லாக் காஞ்சுதான் வருது. ஆனா பீரோவுல வச்சா மக்கின வாடை அடிக்குதே?"

வெளியே காய்ந்திருக்கும். துண்டின் கரை, ஜீன்ஸ் இடுப்பு, தலையணை உறையின் மடிப்பு இவற்றில் ஈரம் நிற்கும். சூடாக இருக்கும்போது கைக்குத் தெரியாது. ஆறவிட்டு, தடித்த இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சூட்டோடு அடுக்கிப் பூட்டினால் பீரோவே வேர்க்கும். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அல்ல. வாடை துவைக்கும் மெஷினிலிருந்தும் வரலாம், அதன் ரப்பர் மடிப்பைத் துடைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள்.

"டிரையர் பக்கத்துச் சுவர் சுத்தமா இருக்கு. எதிர்ச்சுவர் மட்டும் கறுக்குது. அது ஏன்?"

அந்தச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இப்படிக் கேட்ட மூன்று வீட்டிலும் அப்பால் ஏசி அறை. இரவு முழுக்க ஏசி ஓடிச் சுவர் 23, 24 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இந்தப் பக்கம் டிரையர் அறையின் காற்றில் உள்ள ஆவி அதில் பட்டதும் தண்ணீராகிவிடுகிறது, இரண்டாவது பதிலில் சொன்ன 26 டிகிரிக் கணக்குத்தான். டிரையரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏசியையும் நிறுத்த முடியாது. டிரையரைப் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல், சுவர் சூடான பிறகு ஓட்டுங்கள். அந்தச் சுவரில் அலமாரி, நாட்காட்டி எதுவும் ஒட்டி இருக்க வேண்டாம். முடிந்தால் டிரையருக்கு வேறு அறை பாருங்கள்.

"ஈரம் இழுக்கிற மெஷின் ஒண்ணு விக்கிறாங்களே, அதை வாங்கிப் போட்டுட்டா?"

குழாய் போடவே வழியில்லாத அறைக்கு அது உதவும், கதவை மூடி ஓட்ட வேண்டும். நாளைக்குப் பத்து, இருபது லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தில் எடுத்த கணக்கு. அறையில் ஈரம் குறையக் குறைய அதுவும் குறைவாகத்தான் பிடிக்கும். பீரோவில் வைக்கும் சின்ன ஈரம் உறிஞ்சி டப்பாக்கள் பீரோவுக்கு மட்டும்தான்.

"கல்யாணம் முடிஞ்சு எல்லா விரிப்பையும் துவைச்சு, டிரையர்ல போட்டு, அடுக்கிப் பூட்டிட்டுத்தான் சென்னைக்குப் போனோம். ஆறு மாசம் கழிச்சு வந்தா எல்லாத்துலயும் பூசணம். எங்கே தப்பு?"

அடுத்த நாள் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான். ஒரே நாளில் எட்டு, பத்து தடவை மெஷின் ஓடியிருக்கும். ஒரு தடவைக்கு நாலு லிட்டர் என்றால் முப்பது, நாற்பது லிட்டர். அதில் சுவர் குடித்தது வெளியே வருவதற்குள் சன்னல் எல்லாவற்றையும் சாத்திப் பூட்டிவிட்டீர்கள். உள்ளே அடைபட்ட ஈரத்துக்குப் போக்கிடம் துணிதான். ஈரமான துணியில் பூஞ்சை முளைக்க இரண்டு நாள் போதும், உங்களுக்கு ஆறு மாதம் கிடைத்திருக்கிறது.

கடைசித் துவையல் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே முடியட்டும். ஒரு முழு நாள் டிரையர் அறையும் பீரோவும் திறந்தே கிடக்கட்டும். குழாயைக் கழற்றிப் பஞ்சை எடுத்து, வெளிமுனை மடலை மூடி, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, இரண்டு மெஷின் கதவையும் திறந்து வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். விரிப்புகளை பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி, தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் வெறுமனே பெருக்கச் சொல்லாதீர்கள். வெயில் அடிக்கும் நாளில் வாரம் ஒரு முறை, காலை பத்து முதல் நாலு வரை டிரையர் அறைச் சன்னலையும் வளவுக் கதவையும் சேர்த்துத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அந்த அறைச் சாவியையும் மறக்காமல் அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.